புகையிலை போடுவதில்லை

துவைக்கும் எந்திரத்துக்குள் போடுமுன் வெல்டா அந்த ஜீன்ஸைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்பக்கத்து வலது பாக்கெட்டைத்தான் பார்த்தாள். வட்டம் இல்லை. கணவன் ராய்ஸின் பழைய ஜீன்ஸ் ஒவ்வொன்றிலும் அந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று உண்டு. உதட்டுக்குள் அதக்கும் புகையிலைத்தூளின் தகர டப்பா வருஷக்கணக்கில் உட்கார்ந்து உரசிய தடம். கென்டக்கியின் இந்தப் பக்கத்தில் பாதி ஆண்பிள்ளைகளின் பின்பக்கத்தில் அந்த முத்திரை இருக்கும். பழைய ஜீன்ஸ்களை எல்லாம் சர்ச்சின் துணிப்பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, வசந்தத்தில் அவள் புதிதாக வாங்கித் தந்திருந்தாள். "பழசுக்கு என்ன கேடு?" என்று கேட்டான். நீ மெலிந்துவிட்டாய், இடுப்பில் நிற்கவில்லை என்றாள். அது பொய். புதுத் துணியில் வட்டம் விழத் தொடங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

விழவில்லை. அதனால் அவளுக்கு நிம்மதி வந்துவிடவும் இல்லை. டப்பாவைச் சட்டையில் வைக்கலாம், வண்டியில் வைக்கலாம், அவன் அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். அவளை இப்போது உறுத்தியது வேறொன்று. வேலி பார்க்கப் போகிறேன் என்று தினமும் விடிந்ததும் கிளம்புகிறான். பனி இறங்கிய புல்லில் நடந்தவனின் ஜீன்ஸ் முழங்காலுக்குக் கீழே நனைந்து, புல்விதை ஒட்டி, சேறாக வர வேண்டும். இது கடையிலிருந்து எடுத்து மடித்து வைத்ததுபோல இருந்தது. அதை முகர்ந்து பார்த்தாள். தசைவலித் தைலத்தின் வாசனை. தோள்வலிக்கு அதைத்தான் தேய்த்துக்கொள்கிறான். அவன் விட்டுவிட்டதாகச் சொல்லும் புகையிலைத்தூளுக்கும் கிட்டத்தட்ட அதே வாசனை. அவன் வேண்டுமென்றே இந்தத் தைலத்தைத் தேர்ந்தெடுத்தானா என்பதைக் கூட அவள் யோசித்தாகிவிட்டது.

ராய்ஸுக்கு வலது கையில் கட்டைவிரல் இல்லை. போன இலையுதிர் காலத்தில் வைக்கோல் கட்டும் எந்திரத்தின் வாயில் சிக்கியதைப் பிடுங்கக் கையை விட்டான். டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்தது அவன் அண்ணன் டெல்மர். கையை எடுத்துவிட்டான் என்று நினைத்து நெம்புகோலைத் தள்ளினான். பிறகு டெல்மரே அந்தக் கட்டைவிரலைத் தேடி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, ரொட்டிப் பையில் போட்டு, பையைப் பனிக்கட்டிக்கு நடுவில் வைத்து, லூயிவில் மருத்துவமனை வரைக்கும் வண்டியை விரட்டினான். அதைச் சரியாகத்தான் செய்தான் என்று மருத்துவமனையில் பாராட்டினார்கள். வெல்டா பாராட்டவில்லை. அன்றிலிருந்து டெல்மரிடம் அவள் பேசியதெல்லாம் ஆம், இல்லை என்ற அளவில்தான்.

நாள் முழுக்க நடந்தது அந்த அறுவை சிகிச்சை. நுண்ணோக்கியில் பார்த்து, துடைப்பக் குச்சியை விட மெலிந்த ரத்த நாளங்களை ஒன்றோடொன்று தைத்தார்கள். தைத்த நூலைக் காட்டுகிறேன் என்று டாக்டர் ஹஷெமி ஒரு துண்டைக் கருப்புத் துணியில் வைத்துக் காட்டினாள். வெல்டாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை. தெரிவதுபோலத் தலையாட்டினாள். முதல் இரண்டு நாள் விரல் இளஞ்சிவப்பாக இருந்தது. பிறகு நீலம் பாரித்தது. ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை என்று சொல்லி அட்டைகளைக் கொண்டுவந்தார்கள். ஆமாம், குளத்து அட்டைதான். மருத்துவமனையில் ஜாடியில் வைத்து வளர்க்கிறார்கள். அது விரல் நுனியில் கவ்வி, குடித்துப் புடைத்து, தானே கழன்று விழும். நர்ஸ் மணிக்கு மணி வந்து சின்னக் கருவியை விரலில் வைத்துக் கேட்பாள். உஸ், உஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம் வரும். அறை அடுப்புபோலச் சூடாக வைக்கப்பட்டிருந்தது. காப்பி கூடாது, சாக்லேட் கூடாது, எல்லாவற்றையும் விடப் புகையிலை கூடாது. இழுத்தாலும் அதக்கினாலும் நாளம் சுருங்கிவிடும். கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

அப்படி விரல் தேறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் டெல்மர் வந்து தம்பியோடு தனியாக உட்கார்ந்திருந்தான். வெல்டா துணி மாற்றிக்கொண்டு திரும்பியபோது அறையில் தைல வாசனை. தோளுக்குத் தேய்த்துவிட்டார்கள் என்றான் ராய்ஸ். யார் தேய்த்தது என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் அந்த உஸ் உஸ் சத்தம் நின்றது. திரும்பத் திறந்து தைத்துப் பார்த்தார்கள். விரல் கருத்தது. "யாராவது இவருக்குப் புகையிலை ஏதாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டாள். ராய்ஸ் அட்டை ஜாடியைப் பார்த்தான், டெல்மர் தன் தொப்பியைப் பார்த்தான். இவ்வளவு நசுங்கிய விரலில் யார் தப்பும் இல்லாமலும் ரத்தம் கட்டலாம் என்றும் டாக்டர் சொன்னாள். வெல்டாவின் மனதில் அந்தக் கேள்வி மட்டும்தான் தங்கியது.

கட்டைவிரல் இல்லாத கை கையே இல்லை. சட்டைப் பொத்தான், மண்வெட்டி, கதவுக் குமிழ், முட்கரண்டி, எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கால் பெருவிரலை எடுத்துக் கையில் பொருத்தலாம் என்று டாக்டர் ஹஷெமி சொன்னபோது ராய்ஸ் சிரித்துவிட்டான். "கை குலுக்குறவனுக்குத் தெரியுமா, கால்னு?" பிறகு யோசித்துச் சரி என்றான். அதற்கு முந்தைய பரிசோதனைக்குத்தான் போன வாரம் போனார்கள்.

நர்ஸ் ட்ரீனா பேனாவும் கையுமாகக் கேட்டாள். "புகையிலை போடுறீங்களா, மிஸ்டர் ஸ்டாம்பர்?"

"எங்க தாத்தா காலத்துல இருந்து போடுறோம். போன வருஷம் அஞ்சு ஏக்கர்."

"வாயில, கண்ணு. வாயில போடுறதக் கேட்டேன்."

"வாயிலயா? கை போனதுல இருந்து போடுறதில்ல."

ஒரு கோப்பையில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னாள். அதில் ஒரு குச்சியை நனைத்து மேஜையில் வைத்தாள். மேலே ஒரு கோடு தானாக வரும், குச்சி வேலை செய்கிறது என்பதற்கு. கீழே இரண்டாவது கோடு வந்தால் உடம்பு சுத்தம். வராவிட்டால் நிக்கோட்டின் இருக்கிறது. தலைகீழாக இருக்கிறதே என்று வெல்டா நினைத்தாள். குற்றம் இருந்தால் கோடு விழும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே குற்றம் என்றால் ஒன்றும் விழாது. வெறும் வெள்ளை. அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெள்ளையாகவே இருந்தது.

டாக்டர் ஹஷெமி குரலை உயர்த்தவில்லை. "உங்க கால் விரல நான் வெட்டி எடுத்தப்புறம் அதத் திரும்பக் கால்ல வைக்க முடியாது. கையில பிடிச்சா பிடிச்சது. பிடிக்கலன்னா குப்பை. அப்ப உங்களுக்குக் கைக்கும் இல்ல, காலுக்கும் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சுத் திரும்ப வாங்க. அப்பவும் கோடு வரலன்னா நான் இதத் தொடமாட்டேன்."

வீட்டுக்கு வரும் வழியில் வெல்டாதான் வண்டி ஓட்டினாள்.

"நான் போடல," என்றான் ராய்ஸ்.

"சரி."

"அந்த 'சரி'ய நிறுத்து மொதல்ல. குச்சி பொய் சொல்லுது."

"குச்சிக்கு உன் மேல என்ன கோவம்?"

அவனை நம்ப வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நம்பிவிட்டு அறுவைக்கு ஒப்புக்கொண்டால், டாக்டரின் கத்தி அவன் காலில் இறங்கும். பொய் அவனுடையது என்றால் இழப்பும் அவனுடையதுதான் என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு கையும் ஒன்றரைக் காலுமாக மிச்ச வாழ்க்கைக்கு அவனோடு இருக்கப்போவது அவள்தான்.

இப்போது ஜீன்ஸை எந்திரத்தில் போட்டுவிட்டு அவள் வண்டிக்குப் போனாள். இருக்கைக்கு அடியில், கண்ணாடிக்கு மேலுள்ள வெயில் மறைப்புக்குப் பின்னால், கருவிப்பெட்டியில், உதிரி டயரின் குழிக்குள் என்று எங்கும் கை விட்டுப் பார்த்தாள். டப்பா இல்லை. எச்சில் துப்பிய பாட்டில் இல்லை. இறங்கப்போனவள் ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அதன் மேல் சின்னதாக, காய்ந்து ஒட்டிய ஒரு விதை. நகத்தால் சுரண்டி எடுத்து முகர்ந்தாள். பச்சைத் தக்காளிக்காய்.

அவள் புகையிலைக்காரன் மகள், புகையிலைக்காரன் மனைவி. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புகையிலை இலையின் பிசின் கையில் ஏறினால் தார்போலக் கருத்து ஒட்டிக்கொள்ளும், சோப்புக்கு மசியாது. தக்காளிக்காயைப் பிழிந்து தேய்த்தால்தான் போகும். அதற்காகவே வயலோரத்தில் நாலு செடி வைப்பார்கள், தின்பதற்கு அல்ல.

மறுநாள் காலை அவன் போன பிறகு சற்று நேரம் விட்டு, பக்கத்து வீட்டுக்காரியின் காரை வாங்கிக்கொண்டு டெல்மரின் வயலுக்குப் போனாள். பனியில் வயல் முழுக்கப் பளபளத்தது. செடிகள் மார்பளவுக்கு நின்றன. தலையில் பூ விட்டிருந்தது. அந்தப் பூவை ஒடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை கனக்காது. வரிசைக்குள் ராய்ஸ் நின்றான். ஜீன்ஸைக் கழற்றிவிட்டு, கால்வரை மூடும் டெல்மரின் பழைய வேலையுடையை மாட்டியிருந்தான். வலது கையில் ரொட்டிப் பையை மாட்டி ரப்பர் வளையம் போட்டிருந்தான். அந்தக் கையில் கட்டைவிரல் போன முண்டால் தண்டை வளைத்து, இடது கையால் பூவைப் படக்கென்று ஒடித்தான். இடுப்பு வரை நனைந்திருந்தான். அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இல்லை. இவ்வளவு லாவகமாகச் செய்கிறானே என்று எரிச்சலாக இருந்தது.

டெல்மர்தான் முதலில் பார்த்தான். "வா வெல்டா. பிளாஸ்க்ல காப்பி இருக்கு."

"என் புருஷன் வேலி பாக்கப் போறேன்னு சொன்னான்."

"இங்கயும் வேலி இருக்கு," என்றான் ராய்ஸ், திரும்பாமலே.

"ஆள் கிடைக்கல வெல்டா. நாந்தான் கூப்பிட்டேன். பூ காத்திருக்காதுல்ல."

"அவன் விரல் மட்டும் காத்திருக்குமா?"

டெல்மர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். ராய்ஸ் வரிசையை விட்டு வெளியே வந்தான். கை முழுக்கப் பிசின்.

"அந்தக் கோடு ஏன் வரலன்னு இப்பத்தான் இவன் சொன்னான்," என்றான் ராய்ஸ். "பச்சை இலை, வெல்டா. ஈர இலைக்குள்ள நின்னா தோல் வழியா ஏறும்ல? சின்ன வயசுல நாம எல்லாரும் வாந்தி எடுக்கலியா?"

"டாக்டர் கேட்டப்ப இத ஏன் சொல்லல?"

"போடுறியான்னுதான கேட்டாங்க. பூ ஒடிக்கிறியான்னு கேக்கலியே."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இங்கே யாருக்கும் அது தோன்றாது. அதக்குவதும் ஊதுவதும்தான் புகையிலை. வயலில் நிற்பது வெறும் பயிர். சோளத்துக்குள் நிற்பது மாதிரி. அதில் நிற்பவனைப் பார்த்து நீ புகையிலை போடுகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வான். வெல்டாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அது அவளுக்குப் புரிந்தது. புரிந்த வேகத்திலேயே சந்தேகம் வந்தது. பொருத்தமான காரணம். ரொம்பவும் பொருத்தம். அண்ணனும் தம்பியும் வரப்பில் நின்று தேய்த்து மெருகேற்றிய காரணமாகவும் இருக்கலாம். டெல்மர் வேலைக்குத் திரும்பியபோது அவன் பின்பாக்கெட்டில் வட்டமாகப் புடைத்திருந்ததை அவள் பார்த்தாள்.

ட்ரீனாவுக்குப் போன் செய்தாள். "ஏறும்னு படிச்சிருக்கேன்," என்றாள் ட்ரீனா. "எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது கண்ணு. அந்த நாளத்துக்கு டப்பாவும் தெரியாது, இலையும் தெரியாது. வயல விட்டு வெளிய வரச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட நான் சொல்றேன்."

வெல்டா வண்டிச் சாவியை எடுத்துத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். ராய்ஸ் வீட்டை விட்டு நகரக்கூடாது. டெல்மரிடம், மிச்சப் பூவை நான் ஒடிக்கிறேன் என்றாள். டெல்மர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ரப்பர் கையுறையும் மழைக்கோட்டும் கொண்டுவந்து கொடுத்தான்.

"வேண்டாம்."

"இலை ஏறிடும் உனக்கு."

"அதத்தான் பாக்கணும்."

அவள் கணக்கு எளிமையானது. இலைதான் காரணம் என்றால், வாழ்நாளில் ஒரு துளி புகையிலையை வாயில் வைக்காத அவளுடைய குச்சியிலும் கோடு வராது. ஒரு வாரம் விலகியிருந்த ராய்ஸின் குச்சியில் கோடு வரும். இரண்டும் அப்படியே நடந்தால் அவன் சொன்னது உண்மை. வேறு எப்படி நடந்தாலும் பொய். அதோடு, அவள் வயலில் இருக்கும் நேரமெல்லாம் டெல்மர் அவள் கண்முன்னால் இருப்பான், தம்பிக்கு எதையும் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது.

அந்த வாரம் முழுக்க விடிந்ததும் வயலுக்குப் போனாள். பனி காயும் முன்பே வரிசைக்குள் இறங்கினாள். முழங்கை வரை பிசின் ஏறி, வியர்வையோடு கலந்து கண்ணில் எரிந்தது. டெல்மர் பக்கத்து வரிசையில் வந்தான். பேசவில்லை. ஒரு நாள் மட்டும், தண்டுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, "ஆஸ்பத்திரில நான் அவனுக்கு எதுவும் குடுக்கல வெல்டா," என்றான். அவள் கேட்கவே இல்லை. கேட்காமலே ஏன் சொல்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை மாதம் அவளிடம் பேச வழியில்லாமல் இருந்தான் என்பதும் தோன்றியது. பூவை ஒடித்துக் கீழே போட்டாள்.

கடைசி நாள் அவளுக்குத் தலை சுற்றியது. வயல் சாய்ந்தது. வரப்பில் மண்டியிட்டுக் காலையில் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். டெல்மர் அவளைத் தூக்கி வண்டியில் போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டான். ராய்ஸ் ஈரத்துணியும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்தான். ஒற்றைக் கையால் இஞ்சி சோடாவைத் திறக்க முடியாமல் பாட்டிலைத் தொடைக்குள் இடுக்கித் திருகினான்.

"இலை ஏறிடுச்சு உனக்கு."

"தெரியுது."

"இப்பவாச்சும் நம்புறியா?"

"எனக்கு ஏறுச்சுன்னு நம்புறேன்."

அவன் பாட்டிலை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனான்.

மறுநாள் லூயிவில். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து கட்டடத்துக்குள் வந்த பிறகு, தொப்பியை விட்டுவிட்டேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு ராய்ஸ் திரும்பிப் போனான். அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வண்டிக்கு அந்தப் பக்கம் போனவன் குனிந்தான், நிமிர்ந்தான், வந்தான். தலையில் தொப்பி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தபோது தைல வாசனை அடித்தது.

"எனக்கும் ஒரு குச்சி வைங்க," என்றாள் வெல்டா.

ட்ரீனா அவள் இரண்டு கைகளையும் பார்த்தாள். "உங்களுக்குத்தான் எல்லா விரலும் இருக்கே?"

"வைங்க."

ட்ரீனா ராய்ஸைப் பார்த்தாள். ராய்ஸ் தோளைக் குலுக்கினான். "அவ கேட்டா வச்சிருங்க. இல்லன்னா எனக்கு வீட்டுல சோறு இருக்காது."

இரண்டு கோப்பைகள் வந்தன. மூடிமேல் ட்ரீனா பெயர்களை எழுதினாள். இரண்டு குச்சிகளை நனைத்துக் காகிதத் துண்டின் மேல் பக்கம் பக்கமாக வைத்தாள். இடது பக்கம் ராய்ஸ், வலது பக்கம் வெல்டா. "மங்கலா வந்தாலும் கோடு கோடுதான். அஞ்சு நிமிஷம் பாருங்க," என்று சொல்லிவிட்டு, காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும், பூட்ஸையும் காலுறையையும் கழற்றி வையுங்கள் என்று ராய்ஸிடம் சொன்னாள். பக்கத்து அறையில் போன் அடித்தது. எழுந்து போனாள்.

வெல்டா எழுந்து மேஜைக்கு மேல் குனிந்தாள். இரண்டு குச்சிகளிலும் இளஞ்சிவப்பு ஈரம் மெதுவாக ஏறியது. மேல் கோடு இரண்டிலும் வந்துவிட்டது. இன்னும் அழுத்தமாகிக்கொண்டிருந்தது. கீழே இரண்டிலும் வெள்ளை. இடது குச்சியில் ஒரு சாயல் இருப்பதுபோல இருந்தது. தலையைச் சாய்த்தாள். இல்லை. வெளிச்சத்துக்குத் திருப்பலாம் என்று கையை நீட்டினாள். தொட்டால் கெட்டுவிடும் என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வராத கோட்டை எவ்வளவு நேரம் பார்த்த பிறகு வரவில்லை என்று சொல்வது? அவள் கைமடிப்பில் பிசினின் கருப்பு இன்னும் போகாமல் இருந்தது.

"என்ன காட்டுது?" என்றான் ராய்ஸ்.

அவள் திரும்பினாள். அவன் குச்சிகளைப் பார்க்கவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, வெறும் காலைத் தரையில் நீட்டியிருந்தான். வெயிலே படாத வெள்ளைக் கால். அதன் பெருவிரலை மட்டும் தூக்கினான், தரையில் கிடந்த காலுறையின் விளிம்பில் வைத்தான், பக்கத்து விரலோடு சேர்த்து இடுக்கிப் பிடிக்கப் பார்த்தான். நழுவியது. மறுபடி பிடித்தான்.